வாஷிங்டன்: ஓர் ஊர்ப்பெயர் குடும்பப்பெயரான வரலாறு

பெரியோர்களே, நண்பர்களே,

‘உங்களுக்குச் சொந்த ஊர் எது’ என்று யாரேனும் கேட்டால், பிறந்த ஊரைச் சொல்வதா, பிழைக்க வந்த ஊரைச் சொல்வதா, பாட்டனாரின் ஊரைச் சொல்வதா என்று நம்மில் பலர் ஒரு கணம் தயங்குகிறோம். பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்துகளில் ஒன்று, தாம் ஒருநாளும் வாழ்ந்திராத ஊரின் முதலெழுத்தாக இருப்பவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அந்தத் தயக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டிருக்கும் ஒரு குடும்பப்பெயரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அது வாஷிங்டன் என்னும் பெயர்.

அமெரிக்கத் தலைநகரை மறந்துவிட்டு, இங்கிலாந்தின் வடகிழக்கே சண்டர்லாந்து நகருக்கு அருகில் உள்ள வாஷிங்டன் என்னும் ஊருக்கு முதலில் போவோம். நம் நாட்டில் ஒருவருடைய பெயரோடு பட்டி, பாளையம், புரம் என்பவை சேர்ந்து ஊர்ப்பெயராவதைப் போல, பழைய ஆங்கிலத்தில் ஆள்பெயரோடு ‘டூன்’ என்னும் சொல் சேரும். பண்ணை, குடியிருப்பு என்பது அதன் பொருள். ஹ்வாஸா என்ற ஒருவரைச் சார்ந்த பண்ணை என்றே இந்த ஊர்ப்பெயருக்குப் பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். அந்த மனிதர் யார் என்பதற்கு ஊரின் பெயரைத் தவிர வேறு சான்று எஞ்சவில்லை.

1183-ஆம் ஆண்டு டர்ஹாம் ஆயர், அதாவது அப்பகுதியின் கிறித்தவ பிஷப், தம் நிலங்களைக் கணக்கெடுத்துத் தொகுத்த ஏட்டில் இந்த ஊர் வருகிறது. ஹெர்ட்பர்ன் என்னும் ஊரைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றவர் வில்லியம் என்றும், அவர் நான்கு பவுண்டு வரி செலுத்துவதோடு ஆயரின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களுடன் உடன்செல்லக் கடமைப்பட்டவர் என்றும் அந்த ஏடு குறிக்கிறது. ஹெர்ட்பர்ன் வில்லியமாக இருந்தவர், நிலம் மாறியதும் வாஷிங்டன் வில்லியம் ஆனார். இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஊர் மாறியவுடன் பெயரும் மாறியது என்றால், அது இன்னும் குடும்பப்பெயராகவில்லை. இன்ன நிலத்துக்கு உரியவர் என்று காட்டும் முகவரியாகவே இருந்தது.

அவருடைய வழித்தோன்றல்களில் ஒரு கிளையினர் லங்காஷயரின் வார்ட்டன் ஊருக்குக் குடிபெயர்ந்தபோது நிகழ்ந்ததோ வேறு. அவர்கள் வார்ட்டன் என்று பெயர் மாற்றிக்கொள்ளாமல், விட்டு வந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஓர் ஊர்ப்பெயர் குடும்பப்பெயராவது அந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன். ஒருவர் தம் ஊரிலேயே இருக்கும்வரை அந்த ஊரின் பெயர் அவரை அடுத்தவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. ஊரில் உள்ள எல்லாருக்கும் அது பொது. வெளியூரில் கால் வைத்த பிறகே அது அவருக்கு மட்டும் உரிய அடையாளமாகிறது.

வார்ட்டனிலிருந்து நார்தாம்ப்டனுக்குச் சென்ற லாரன்ஸ் வாஷிங்டன், கம்பளி வணிகத்தில் பொருளீட்டி அந்நகரின் மேயராகவும் ஆனார். எட்டாம் ஹென்றி மன்னர் துறவியர் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, சல்கிரேவ் என்னும் ஊரின் பண்ணையை அவர் 1539-இல் வாங்கினார். இந்த மரபில் வந்த ஜான் வாஷிங்டன் 1656-இல் கப்பலேறி வர்ஜீனியாவை அடைந்தார். அவருடைய கொள்ளுப்பேரர்தான் 1732-இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன். பின்னர் தலைநகருக்கும், 1889-இல் மாநிலமான ஒரு பகுதிக்கும் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. ஊரிலிருந்து மனிதருக்கு வந்த பெயர் மனிதரிடமிருந்து மீண்டும் ஊருக்குப் போயிற்று.

இதுவரை சொன்னது வம்சாவளி. ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கில் வாஷிங்டன் என்னும் குடும்பப்பெயர் உடையவர்கள் 1,63,036 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பினத்தவர்.

இதற்குக் காரணம், அடிமைகளுக்கு எஜமானரின் பெயர் ஒட்டிக்கொண்டதுதான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் பாதி உண்மையே இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் இறந்த 1799-இல் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 300-க்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தார்கள். அவருடைய உறவினர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள். எனினும் எஜமானர்கள் தம் ஏடுகளில் அடிமைகளை ஒற்றைப் பெயரால் எழுதிவைத்த காலத்திலேயே, அம்மக்களில் பலர் தங்களுக்குள் குடும்பப்பெயர்களை வழங்கிவந்தார்கள். 1865-இல் அடிமைமுறை ஒழிந்தபின், பள்ளியிலும் பதிவேட்டிலும் முழுப்பெயர் கேட்கப்பட்டபோது, எந்த வாஷிங்டன் குடும்பத்தோடும் தொடர்பில்லாத பலரும் அந்தப் பெயரைத் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். சொந்த மண்ணின் பெயரும் முன்னோரின் பெயரும் பறிக்கப்பட்ட மக்கள் தமக்கென்று ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டதை, வெறும் ஒட்டுதல் என்று ஒதுக்குவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, பின்னாளில் கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கீகீ கல்விக்கூடத்தை வளர்த்தெடுத்த புக்கர் வாஷிங்டன் இதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பள்ளிக்குப் போகும்வரை அவருக்குப் புக்கர் என்ற ஒரு பெயர் மட்டுமே இருந்தது. ஆசிரியர் வருகைப் பதிவுக்காகப் பெயர்களைக் கேட்டபோது, மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயராவது இருப்பதை அந்தச் சிறுவன் கவனித்தான். தன் முறை வந்ததும், வாழ்நாள் முழுவதும் அப்படியே அழைக்கப்பட்டவன் போல, பதற்றமின்றி ‘புக்கர் வாஷிங்டன்’ என்று சொன்னான். தாய் தனக்கு டாலியஃபெரோ என்றும் ஒரு பெயர் வைத்திருந்ததைப் பின்னர் அறிந்து, அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார்.