கயிறு யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் புதுச்சேரியில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம், காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங் போகிறவள். இதைத் தெரிந்தவர்கள் என்னிடம் அடிக்கடி ஒன்று கேட்பார்கள். "டாக்டர், அடுத்த வாரம் குடும்பத்தோடு டைவிங் போகிறோம். நாயை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கூட்டிக்கொண்டு போகலாமா?" நாய் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். அதனால் இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் தட்டிக்கழிப்பதில்லை.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்த காலத்து வழக்கம் ஒன்றைப் பெரியவர்கள் சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவரின் கயிற்று முனையை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால், அவன் கவனம் அங்கே இங்கே போகாது என்ற நம்பிக்கை. நாயோடு டைவிங் போக நினைப்பவர்களிடம் நானும் கயிற்றைப் பற்றித்தான் கேட்கிறேன். நீங்கள் தண்ணீருக்கு அடியில் இருக்கும் நேரத்தில் நாயின் கயிறு யார் கையில் இருக்கும்?

இப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் எங்கள் மணி. லேப்ரடார். அப்போது அவனுக்கு மூன்று வயது. லேப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு வலையும் மீனும் இழுத்துப் பழகிய நாய்கள். தண்ணீர் அவனுக்குத் தாய்வீடு என்று நம்பி, ஒரு பங்குனி மாதக் காலையில் நானும் கணவரும் அவனை ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டோம். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று படகோட்டி கயிற்றை வாங்கிக்கொண்டார். நாங்கள் இருவரும் இறங்கிவிட்டோம்.

வாசலைத் தாண்டிப் போகிறவர் திரும்பி வருவார் என்பது நாய்க்குத் தெரியும். தினமும் பார்க்கிறது. கண்ணெதிரே தண்ணீருக்குள் இறங்கி மறைந்துபோகிறவர் திரும்பி வருவார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? எங்கள் மூச்சுக் குமிழிகள் மேலே வந்து உடைவதையே மணி பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு ஒரே தாவல். படகோட்டியின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போய்விட்டது. அவர் கூப்பிடக் கூப்பிட, குமிழிகள் எழும் இடத்தையே சுற்றிச் சுற்றி நீந்தியிருக்கிறான். நாங்கள் கீழே இருந்ததால் அவர் இன்ஜினைத் தொடவில்லை. தொட்டிருந்தால் சுழலும் இறக்கைக்குப் பக்கத்தில் நாங்களும் நாயும் இருந்திருப்போம். அரை மணி நேரம் கழித்து நான் மேலே வந்தபோது, இருபத்தெட்டு கிலோ எடை என் தோள் மேல் ஏறியது. முன்னங்கால் பட்டு முகக்கண்ணாடி கழன்றது. சிலிண்டரின் காற்றுக்குழாய் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அவன் என்னைத் தாக்கவில்லை. நான் கிடைத்துவிட்டேன் என்று பிடித்துக்கொண்டான். அவன் கண்கள் இரண்டும் உப்பில் ரத்தமாகச் சிவந்திருந்தன.

கரைக்குத் திரும்பும் வழியிலேயே நுரை நுரையாக வாந்தி எடுத்தான். மாலையில் தண்ணீராகப் பேதி. இரவு பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கின. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு நீந்தும் நாய் தன்னை அறியாமலே நிறையக் குடித்துவிடும். ரத்தத்தில் உப்பு ஏறும்போது மூளையின் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. தள்ளாட்டமும் வலிப்பும் அதனால்தான் வருகின்றன. அவசரப்பட்டு ஒரேயடியாக நீரேற்றினால் மூளை வீங்கிவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டு இரவுகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக டிரிப்ஸ் ஏற்றினேன். பிழைத்தான். உங்கள் நாய் கடல்நீர் குடித்து வாந்தி எடுத்தால், சட்டி நிறைய நல்ல தண்ணீரை ஒரே தடவையில் வைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் வந்துவிடுங்கள்.

அந்தப் படகோட்டி மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. படகையும் பார்த்து, கீழே இருக்கும் எங்களையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நாயையும் அவர் தலையில் கட்டியது என் தவறு.

இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், நாயையும் உள்ளே கூட்டிப்போகலாமா என்று கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒருவர், தம் நாய்க்கென்று தலைக்கவசமும் எடை கட்டிய சட்டையும் செய்து, தம் சிலிண்டரிலிருந்தே குழாய் வழியாகக் காற்று கொடுத்து, கேமன் தீவுக் கடலில் ஏறத்தாழ 4 மீட்டர் ஆழம் வரை கூட்டிப்போயிருக்கிறார். கின்னஸ் பதிவில் இருக்கும் செய்தி இது. படத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். மருத்துவராக என் பதில், வேண்டவே வேண்டாம். கடலில் 10 மீட்டர் இறங்கினாலே உடல் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். காதுவலி முதல் சில மீட்டர்களிலேயே தொடங்கும். நாம் மூக்கைப் பிடித்து ஊதிச் சரிசெய்கிறோம். முடியாவிட்டால் கையை ஆட்டிக் காட்டிவிட்டு மேலே ஏறுகிறோம். நாயால் ஊதவும் முடியாது, வலிக்கிறது என்று காட்டவும் முடியாது. இதைவிடப் பெரிய ஆபத்து மூச்சில் இருக்கிறது. அழுத்தக் காற்றை இழுத்தபின் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலுக்குள் காற்று விரிந்து திசு கிழியும். ஆழம் இரண்டு ஆள் உயரம்கூட இருக்க வேண்டியதில்லை. மூச்சை அடக்காதே என்பதுதான் டைவிங் வகுப்பின் முதல் பாடம். மிரண்டுபோன ஒரு நாய்க்கு அந்தப் பாடத்தை எப்படி நடத்துவது?

1870களில் பால் பெர்ட் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர், அழுத்த அறைக்குள் விலங்குகளை வைத்து, ஆழத்திலிருந்து வேகமாக மேலேறுவதுபோல் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்துப் பார்த்தார். ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவதே முடக்கத்துக்கும் மரணத்துக்கும் காரணம் என்று கண்டார். அந்த விலங்குகளில் நாய்களும் இருந்தன. இன்று நாம் மெதுவாக மேலேறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருகிறோமே, அந்த அறிவின் வேர் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு முறை அங்கே நிற்கும்போதும் எனக்கு அந்த நாய்களின் நினைவு வரும். நம்மைக் காப்பாற்ற அவை ஒருமுறை உயிரைக் கொடுத்தாகிவிட்டது.

படகும் நாய்க்குச் சுகமான இடமில்லை. கூரையில்லாத ஃபைபர் படகின் தளத்தில் பத்து மணி வெயிலில் உங்கள் உள்ளங்காலை வைத்துப் பாருங்கள். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. சிப்பிப்பாறை போன்ற ஒல்லி உடம்புக்காரர்கள் நீரில் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். காரில் அடைத்து வைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டிருக்கிறேன் என்பதைக் கேட்டாலே எனக்குப் பதறும். இளைப்பு அடங்காமல், ஈறு சிவந்து, நடை தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. முதலில் உடல் முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். வண்டியைத் தேடுவது அதற்குப் பிறகு.

ஆகவே கரையில்தான் நாய்க்கு இடம். அங்கேயும் கண் வேண்டும். கரைவலை இழுத்து முடித்த இடத்தில் பேத்தை மீன்களை ஒதுக்கிப் போட்டிருப்பார்கள். பந்துபோல் உப்பிக் கிடக்கும். நாய்க்கு விளையாட்டுப் பொருளாகத் தெரியும். அந்த மீனின் உடலில் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. செத்து ஒதுங்கிய சொறிமீனின் கொடுக்கும் சுடும். தை முதல் பங்குனி வரை நம் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு நாய் பத்து நிமிடம் மணலைப் பறித்தால் ஒரு கூட்டின் நூறு முட்டைகள் போய்விடும். அந்த மாதங்களில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

வெளியூர்ப் பயணம் என்றால் முன்கூட்டியே விசாரியுங்கள். மாலத்தீவுக்கு நாயைக் கொண்டுபோக அனுமதி இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. அங்கே நாயோடு இறங்கும் எண்ணமே வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். காலையில் கணவர் டைவ் போனால் நான் கரையில். மறுநாள் நான் போனால் அவர் கரையில். இருவரும் சேர்ந்து போக ஆசைப்படும் நாளில் என் தங்கை வருவாள். மணிக்கு அவளைக் குட்டி நாளிலிருந்தே தெரியும். நிழல், வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர், அவனுடைய பழைய போர்வை, மடியில் சுற்றிய கயிறு.

போன மாசியில் நாங்கள் படகிலிருந்து இறங்கி, ஈரம் சொட்ட நடந்து வந்தபோது, புன்னை மரத்தடியில் தங்கை வாயில் விரலை வைத்துக் காட்டினாள். மணிக்கு இப்போது மூக்கெல்லாம் நரைத்துவிட்டது. என் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

வணக்கம்.