பாட்டு வருகிறது, பாடுபவரைக் காணோம்: வீட்டு ஹை-ஃபையில் கோளாறு எங்கே?

(இருட்டுத் திரை. வயலினும் மிருதங்கமும் மட்டும் கேட்கின்றன.)

போன மார்கழியில் எங்கள் திருவான்மியூர் வீட்டில் நடந்தது. போனை ஒயர் போட்டு ஆம்ப்ளிஃபையரில், அதாவது ஆம்பில், இணைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஹாலிலிருந்து கூப்பிட்டார். "டேய், இங்க வந்து கேளு. வயலின் இருக்கு, மிருதங்கம் இருக்கு, பாடறவரைத்தான் காணோம்."

போய்க் கேட்டால் உண்மைதான். பக்கவாத்தியம் தெளிவாக வருகிறது. பாட்டு மட்டும் பக்கத்துத் தெருக் கோயிலில் யாரோ பாடுவது போல எங்கோ தூரத்தில்.

(போனில் செருகும் பின், நெருக்கமாக.)

ஆம்பைப் பிரிக்கத் தேவையே இருக்கவில்லை. கோளாறு இந்தச் சின்னப் பின்னில். இதன் நுனி இடது சேனல், நடு வளையம் வலது சேனல், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். அடிப்பகுதி தொடாமல் போனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஆம்புக்குப் போகும். பாடுபவரின் குரலை இரண்டு சேனலிலும் சம அளவில் வைத்துத்தான் பெரும்பாலும் பதிவு செய்வார்கள். சமத்திலிருந்து சமத்தைக் கழித்தால் மிச்சம் என்ன? வயலினும் மிருதங்கமும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி இருப்பதால் தப்பித்துவிட்டன.

சரி, பின் ஏன் தொடவில்லை? அம்மா போனுக்குப் புதுக் கவர் போட்டிருந்தார். தடித்த கவர், பின் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிட்டது. கவரைக் கழற்றி அழுத்தியதும் பாடகர் மேடைக்குத் திரும்பினார்.

வீட்டு ஹை-ஃபை கோளாறில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது என் அனுபவம். ஒயர், பின், ஸ்விட்ச். இது தெரியாமல் ஒருமுறை பன்னிரண்டு கிலோ ஆம்பை மூன்று மாடி இறக்கி ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். சத்தமே வரவில்லை என்று புகார். மெக்கானிக் முன்பக்கத்தில் 'டேப் மானிட்டர்' பட்டனை ஒரு தட்டுத் தட்டினார், பாட்டு வந்துவிட்டது. அது அழுந்தியிருந்தால், இல்லாத டேப் டெக்கிலிருந்து சத்தம் வரும் என்று ஆம்ப் காத்துக்கொண்டிருக்கும். காசு வாங்கவில்லை, சிரித்தார். அதற்குக் காசே கொடுத்திருக்கலாம். எந்த ஜோடி ஸ்பீக்கர் பாட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஏ, பி ஸ்விட்சும், சத்தத்தை இடம் வலம் பங்கிடும் பேலன்ஸ் குமிழும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

(ஆம்பின் பின்பக்கம். சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ ஒயர்கள்.)

இனி முக்கியமான வித்தை. ஒரு பக்கம் மட்டும் சத்தம் இல்லை, இடது ஸ்பீக்கர் ஊமை என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் வேண்டாம், ஸ்குரூ டிரைவர் வேண்டாம். இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆம்பை அணையுங்கள். பின்பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். போட்டுக் கேளுங்கள். அதே இடது ஸ்பீக்கர் இன்னும் ஊமை என்றால் ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ கோளாறு. ஊமை வலதுக்குத் தாவிவிட்டால் ஸ்பீக்கர் இரண்டும் நல்லது, சங்கதி ஆம்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது.

தாவிவிட்டது என்றால், ஸ்பீக்கர் ஒயர்களைப் பழையபடி போட்டுவிட்டு, இப்போது சிடி பிளேயரிலிருந்து வந்து ஆம்பில் செருகியிருக்கும் ஆர்சிஏ ஒயர்களை மட்டும் ஆம்ப் முனையில் மாற்றுங்கள். ஊமை மறுபடியும் வலதுக்குப் போனால் ஆம்ப் குற்றமற்றது. சிடி பிளேயரோ ஒயரோ காரணம். இடதிலேயே நின்றால் ஆம்பின் இடது சேனல். ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டையும் சேர்த்து மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இன்னொன்று, கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு. உப்புக் காற்றில் ஆர்சிஏ பின்கள் பச்சை பூத்துவிடும். கழற்றி நாலு முறை திருகிச் செருகினாலே பல நேரம் உயிர் வந்துவிடும். வால்யூமைத் திருகும்போது கரகரவென்றால் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு அடியுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

(ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த 'ம்ம்ம்'.)

அடுத்தது ஹம்மிங். எங்கள் வீட்டில் இதை ஒரு வாரம் தம்பூரா என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த அதிர்வுதான் ஸ்பீக்கரில் முனகுகிறது. வால்யூமைக் கூட்டினால் முனகலும் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. கூடாமல் அப்படியே இருந்து, எல்லா ஒயரையும் பிடுங்கிய பிறகும் முனகினால் ஆம்பின் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். அங்கே கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் வயதானால் வருவது 100 ஹெர்ட்ஸ் முனகல்.

சென்னை வீடுகளில் அடிக்கடி மாட்டுவது செட் டாப் பாக்ஸ். கேபிள்காரர் இழுத்த ஒயர் எங்கோ மொட்டை மாடியில் ஒரு எர்த்தைத் தொட்டுக்கொண்டு வரும், ஆம்புக்கு உங்கள் வீட்டு எர்த். இரண்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டால் அதில் ஓடும் கரண்டுதான் முனகல். பாக்ஸின் பின்னாலிருந்து கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சட்டென்று அமைதியானால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஆம்பில் ஆப்டிகல் இன்புட் இருந்தால் டிவியிலிருந்து அதன் வழியே கொடுங்கள். ஒளி போகும், கரண்ட் போகாது, வளையம் அறுந்துவிடும். ஒயர் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறக்காதீர்கள். டிவி செட்டிங்கில் ஆடியோவைப் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று வையுங்கள், இல்லாவிட்டால் பல ஆம்ப்கள் வாயே திறக்காது.

ஆம்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் முனகல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய் மேல்மூடியைத் தொட்டால், அடுத்து தொடுகிற ஆளுக்கு ஷாக். அந்தப் பின்னைத் தொடவே கூடாது.

(காய்ந்து உதிரும் ஃபோம் வளையம்.)

குரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, பேஸும் மெலிந்துவிட்டது என்றால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு முனைகளின் ஒயர்கள் மாறியிருக்கும். ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றி, ஆம்பின் சிவப்பு முனையில் இருந்த நுனி பிளஸ்ஸில் படும்படி 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு ஸ்பீக்கரின் கோனும் ஒரே திசையில் அசைய வேண்டும். பேஸ் வரும்போது மட்டும் தகரம் போல அதிர்ந்தால் கோனைச் சுற்றியுள்ள ஃபோமைப் பாருங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் அது முறுக்கு மாதிரி உதிரும். ஸ்பீக்கரையே தூக்கிப் போட வேண்டாம், ஃபோமை மட்டும் மாற்றலாம்.

ஆன் செய்த சில நொடியில் 'டக்' என்று ரிலே (ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச்) விழும் சத்தம் வராவிட்டால், அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி மறுபடி போடுங்கள். இப்போது டக் வந்தால், முடி அளவு செம்பு இழை ஒன்று சிவப்பையும் கறுப்பையும் தொட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அப்போதும் வரவில்லை, அல்லது கருகல் வாடை என்றால், மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது ஒரு சீட்டு எழுதி ஆம்பின் மேல் ஒட்டிவிடுங்கள். "சவுண்ட் சரியில்லை" என்று அல்ல. "இடது சேனல், அரை மணி நேரம் ஓடிய பிறகு நின்றுவிடுகிறது, ஸ்பீக்கர் மாற்றிப் பார்த்தாச்சு" என்று.