காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். இரவில் நரியை ஊதி அழைத்துவிட்டு அதன் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று பினாங்குக்காரன் ஒருவன் பேச வந்திருப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நம் மலேசியக் காடுகளில் செந்நாய் உண்டு, மூசாங் என்னும் மரநாய் உண்டு, நரி கிடையாது. நம்மில் பலர் அறிந்த நரி, பாட்டி சொன்ன கதைகளில் வருவதும், மாணிக்கவாசகருக்காகக் குதிரையாகிப் பின் நள்ளிரவில் பழைய உருவம் பெற்று மதுரையை ஊளையால் நிறைத்ததும்தான். நான் நரியை நேரில் கண்டது ஆஸ்திரேலியாவில். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆர்மிடேல் என்ற மேட்டு நிலத்து ஊரில் படித்த காலத்தில், விடுமுறை நாள்களில் ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்தேன். அங்கே பிடித்துக்கொண்ட ஆர்வம் இன்றுவரை விடவில்லை.

அங்கேயும் நரி அந்த மண்ணுக்குரிய விலங்கன்று. குதிரையேறித் துரத்தும் பொழுதுபோக்குக்காக ஆங்கிலேயர்கள் கொண்டுபோய் விட்ட செந்நரி, 1870களில் விக்டோரியாவில் வேரூன்றி, பிறகு கண்டத்தின் பெரும்பகுதிக்கும் பரவி, சிறு விலங்குகளையும் பிறந்து ஓரிரு நாளேயான செம்மறிக் குட்டிகளையும் தூக்கிச் செல்லத் தொடங்கியது. ஆகவே பண்ணைக்காரர்கள் உரிமத்தோடு அதை இரவில் அழைத்துச் சுடுகிறார்கள். துப்பாக்கி முதலாளியிடம் இருந்தது. விளக்குப் பிடிப்பது என் வேலை. சுடுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஒளிந்திருப்பதைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

முதல் இரவை நான் மறக்கவே முடியாது. ஜூன் மாதம், அங்கே அது குளிர்காலம். நீர் உறையும் குளிர். நெஞ்சு கட்டிக்கொள்ளுமே என்று, அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய தைலத்தைக் கழுத்திலும் மார்பிலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு, கறுப்புச் சட்டையும் கறுப்புக் குல்லாவும் மாட்டி, விழுந்து கிடந்த யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் பதுங்கினேன். என்னைப் போல் ஒளிந்தவன் உலகில் இல்லை என்ற எண்ணம் எனக்கு. முதலாளி சட்டைப் பையிலிருந்து ஊதலை எடுத்தார். வட்டத் தகரத்தை இரண்டாக மடித்து நடுவில் துளையிட்ட எளிய பொருள் அது. அந்த வட்டாரத்து ஊரொன்றின் பெயரால் டென்டர்ஃபீல்டு ஊதல் என்பார்கள். அதைப் பல்லுக்கும் உதட்டுக்கும் இடையில் வைத்து அவர் மூச்சை இழுத்ததும், கண்ணியில் சிக்கிய முயல் கதறுவது போன்ற ஒலி எழுந்தது. சற்று நேரத்தில், எதிர்ச் சரிவில் இரண்டு கண்கள் மின்னின. அவை நேராக எங்களை நோக்கி வந்தன, நின்றன, இடப்பக்கம் விலகின, பெரிய அரைவட்டமாக எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. எங்களுக்குப் பின்புறம் வந்த அந்த நொடியில் வெள்ளை நுனி வாலொன்று திரும்பியது மட்டும் தெரிந்தது, பிறகு ஒன்றுமில்லை. முதலாளி என் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த நரிக்குச் சளி இருந்திருந்தால் இந்நேரம் விட்டிருக்கும்."

நேயர்களே, நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த அரைவட்டத்தில் இருக்கிறது. காதால் கேட்டதை நரி நம்புவதில்லை. கண்ணால் கண்டாலும் முழுதாக நம்புவதில்லை. ஒலி வந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, அங்கிருந்து காற்று தன் மூக்குக்கு வரும் பக்கமாகப் போய் முகர்ந்து பார்த்த பிறகே முடிவு செய்கிறது. ஆகையால் எந்தப் புதருக்குள் நுழையலாம் என்று தேடுவதற்கு முன்னால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து விளக்கொளியில் தூவினால், கன்னத்துக்குத் தெரியாத காற்றும் அதில் தெரியும். சிவனே மன்னிப்பான் என்று நினைக்கிறேன். காற்றே இல்லாத இரவு என்று நாம் நினைக்கும் இரவில்கூட, குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெல்ல வழிந்துகொண்டிருக்கும். நம் வாடையும் அதோடு வழியும். மறுபடியும் சொல்கிறேன்: முதலில் காற்று, பிறகுதான் இடம்.

காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்தாலே போதும் என்று சிலர் சொல்வார்கள்; போதாது. நரி எப்படியும் நம் முதுகுப்புறம் சுற்றி வரப்போகிறது. காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி அமர்ந்து, நம் வாடை போகும் திசையில் புல்வெளி திறந்து கிடக்குமாறு பார்த்துக்கொண்டால், அது முகர வரும் வழியிலேயே நம் கண்ணில் பட்டுவிடும்.

அடுத்தது, புதருக்குப் பின்னால் ஒளிவது என்னும் பழக்கம். நாம் சிறு வயதில் கண்ணாமூச்சி ஆடிக் கற்றுக்கொண்டது அதுதான். இங்கே அது உதவாது. பின்னால் இருப்பவன் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கியே ஆக வேண்டும். புதருக்கு முன்னால், அதில் முதுகைச் சாய்த்து, நிலவின் நிழலில் அமர்ந்தால், நம் உருவம் புதரின் கருமையில் கரைந்துவிடும். தலையைத் தூக்க வேண்டியதும் இல்லை. மேட்டின் உச்சியில் மட்டும் உட்காரக் கூடாது. அங்கே வானத்தின் பின்னணியில் மனிதத் தலை தெளிவாகத் தெரியும். வண்டியைத் தொலைவில் நிறுத்திக் கதவை அறையாமல் சாத்துவதும், பண்ணை வாயிலின் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசையின்றிக் கழற்றுவதும் இதிலேயே அடங்கும். முதலில் மெல்ல ஊத வேண்டும், ஏனென்றால் நரி ஐம்பது அடி தூரத்திலேயே படுத்திருக்கலாம். ஊதியபின் சில நிமிடம் வாளாவிருக்க வேண்டும்.

அப்படி வாளாவிருப்பதுதான் கடினம். இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். மூக்கு அரிக்கும், கால் மரத்துப்போகும். அசைவுக்குக் காரணம் பெரும்பாலும் பொறுமைக் குறைவன்று, ஈரத் தரை. நான் கம்பளிச் சாக்கொன்றை நான்காக மடித்துப் போட்டு உட்காரத் தொடங்கிய பிறகே என் கைகள் அடங்கின. சிறிய செய்திதான், ஆனால் அந்தச் சாக்கு எனக்குக் காட்டிய நரிகளை விலையுயர்ந்த சட்டை எதுவும் காட்டவில்லை.

விளக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து தம்பி, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல்களைக் காட்டுகிறார், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்: சிவப்பு வடிகட்டி போட்ட விளக்கையே பயன்படுத்துங்கள், அந்த நிறம் அதன் கண்ணுக்கு மங்கலாகவே படும், ஒளியின் நடுப்பகுதியை அதன் மேல் வீசாமல் விளிம்பால் மட்டும் தொடுங்கள், கண்கள் தாமாக மின்னும்.

நம் ஊரில் இது எதற்கு என்று கேட்பீர்கள். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறை இருக்கிறது. உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம். ஆனால் பார்ப்பதற்குத் தடையில்லை. பினாங்கில் பாலிக் பூலாவ் பக்கம் துரியான் பருவத்தில், தெரிந்தவர் தோட்டத்தில், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, மரத்தடிக் குடிலின் முன்னால் காற்றைப் பார்த்து அமருங்கள். அங்கே ஊதல் வேண்டியதில்லை. விழுந்து பிளந்த பழமே மூசாங்கை அழைத்துவிடும். கொசுவத்தியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு, நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வணக்கம்.