பேட்டரி வேண்டாம், தொட்டியைப் பெரிதாகக் கட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. சூரிய மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்றாலே பலரும் முதலில் கேட்பது, "எத்தனை பேனல்?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது கழிவுக் குழாயை.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ஆலையில் பம்ப் கடல்நீரை, உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வின் மீது அழுத்தித் தள்ளுகிறது. நல்ல நீர் சவ்வைத் தாண்டுவதை எதிர்க்கும் அழுத்தமே, அதாவது கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தமே, சுமார் 27 பார். அதைத் தாண்டித் தள்ளினால்தான் நல்ல நீர் பிரியும். அதனால் பம்ப் 55 முதல் 70 பார் வரை அழுத்த வேண்டியிருக்கிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான், யோசித்துப் பாருங்கள். இப்படித் தள்ளிய 100 லிட்டரில் நமக்குக் கிடைப்பது 40 லிட்டர். மீதி 60 லிட்டர் உப்புநீர் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தோடு வெளியே வருகிறது. அதை அப்படியே கடலில் விட்டால், செலவழித்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் கடலோடு போகும். அழுத்தப் பரிமாற்றி என்ற கருவி அந்த அழுத்தத்தைப் பிடித்து, உள்ளே வரும் புதுநீருக்குக் கொடுத்துவிடும். அது இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் போதும். பேனலும் தானாகக் குறையும்.

சரி, இரவுக்கு? பேட்டரி வாங்காதீர்கள். அது தேய்கிற சரக்கு, சில வருடங்களில் மாற்றியாக வேண்டும். பகலில் நீரை எடுத்துத் தொட்டியில் நிரப்புங்கள், சேமிப்பு அதுதான். ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நாளில் 6 மணி நேரம் மட்டும் ஓடும் ஆலை, 24 மணி நேரம் ஓடும் ஆலையின் அளவுக்கு நீர் தர வேண்டுமென்றால், பம்பும் சவ்வும் நாலு மடங்கு வேண்டும். முதலீடு எகிறும். அருகில் மின்கம்பி இருந்தால், இரவில் அதில் ஓட்டுவதே புத்திசாலித்தனம் என்பேன்.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். வேலை முடிந்து கழற்றிய சவ்வு, குறுக்கே அறுத்து வைத்திருக்கிறேன். பாய் சுருட்டிய மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறதா? அடுக்குகளுக்கு நடுவே இந்தப் பழுப்பு வழுவழுப்பு, நுண்ணுயிர்ப் படலம். இது படியப் படிய அழுத்தம் கூட்ட வேண்டும், மின்செலவும் கூடும். முன்வடிகட்டலில் மிச்சம் பிடிக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெயிலை நம்பி ஓடும் ஆலை தினமும் நிற்கும் என்பதால் இன்னொரு வேலையும் இருக்கிறது. நிறுத்தும்போது உள்ளே உப்புநீர் தேங்கக் கூடாது. நல்ல நீரால் அலசிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதனால் மாலையில் வெயில் முழுதும் இறங்கும்வரை காத்திருக்காமல், அலசும் அளவுக்கு மின்சாரம் கையில் இருக்கும்போதே நிறுத்துகிற மாதிரி கன்ட்ரோலரை அமையுங்கள்.