செவ்வாயில் முதல் கிணறு

அனைவருக்கும் வணக்கம்.

நான் விண்வெளித் துறைக்காரன் இல்லை. ஆழ்துளைக் கிணறு, குடிநீர்க் குழாய், சுத்திகரிப்பு என்று வேலை பார்த்தவன். அதனால்தான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். செவ்வாயில் மனிதர்கள் குடியேறுவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ராக்கெட்டைப் பற்றியே பேசுகிறோம். இறங்கிய பிறகு தண்ணீருக்கு என்ன வழி? அந்தத் தண்ணீர் இருக்கும் இடத்தில் ஏற்கெனவே ஓர் உயிர் குடியிருந்தால் என்ன செய்வது? இந்த இரண்டு கேள்வியும் கடைசியில் ஒரு பொறியாளர் தலையில்தான் வந்து விழும்.

முதலில் நம் ஊர் ரிக் வண்டியிலிருந்து தொடங்குகிறேன். ஓர் ஊரில் போர் போட்டுவிட்டு வண்டி அடுத்த ஊருக்குப் போகிறது. துளைக்கும் கம்பியில் பழைய கிணற்றின் சேறு ஒட்டியிருக்கும். அந்தச் சேற்றில் இரும்பு பாக்டீரியா இருந்தால் அதுவும் கூடவே போகும். சில மாதம் கழித்துப் புதுக் கிணற்றில் தண்ணீர் பழுப்பாக வரும், மோட்டாரைத் தூக்கினால் கொழகொழவென்று செம்படலம் படிந்திருக்கும். அதற்கு நாங்கள் செய்யும் வைத்தியம், பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஓர் இரவு விட்டு, மறுநாள் முழுக்க இறைத்து வெளியே விடுவது.

செவ்வாயில் இந்த வைத்தியம் செல்லாது. குளோரினை ஊற்றினால் நாம் கொண்டுபோன கிருமியும் சாகும், அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய உயிரும் சாகும். இரண்டில் எது எது என்று அதற்குப் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அங்கே உயிர் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இதுவரை உறுதியாகக் கண்டதில்லை. ஆனால் 2024 ஜூலையில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி ஜெசீரோ பள்ளத்தில் சிறுத்தைப் புள்ளி போன்ற வட்டங்கள் உள்ள ஒரு பாறையைக் கண்டது. பழங்கால நுண்ணுயிரின் தடமாக இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. இருக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லே, கை வைக்கும் முன் நம்மை நிறுத்தப் போதும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, தண்ணீருக்கு வருவோம். செவ்வாயின் வட பகுதியில் 2008இல் இறங்கிய பீனிக்ஸ் கலம், மண்ணைச் சில அங்குலம் சுரண்டியதுமே பனிக்கட்டியைப் பார்த்தது. பனிக்கட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் வித்தையும் நமக்குத் தெரிந்ததுதான். தென்துருவ ஆய்வு நிலையத்தில் பனிக்குள் துளையிட்டு, சூடு கொடுத்து உருக்கி, உள்ளே ஒரு குளம் உண்டாக்கி, அதிலிருந்து இறைத்துக் குடிக்கிறார்கள். அதை ராட்வெல் என்பார்கள். செவ்வாய்க்கும் அதையே பரிசீலிக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். பூமி நுண்ணுயிர் பெருகக்கூடிய இடங்களைச் சிறப்புப் பகுதி என்று பன்னாட்டு விண்வெளி ஆய்வுக் குழுவான கோஸ்பார் வகுத்திருக்கிறது. வெப்பநிலை மைனஸ் 28 டிகிரிக்கு மேல் இருந்து, நுண்ணுயிருக்குக் கிடைக்கும்படி போதுமான ஈரமும் இருந்தால் அது அந்தக் கணக்கில் வந்துவிடும். செவ்வாயில் அப்படிப்பட்ட இடம் இயற்கையாக இருக்கிறதா என்பதே விவாதத்தில் இருக்கிறது. ஆனால் பொறியாளர் ராட்வெல் தோண்டிச் சூடேற்றிய அன்றே, நம் கிருமி வாழத் தோதான ஒரு குளம் அங்கே நிச்சயமாக உருவாகிவிடும். மனிதன் பிழைக்கத் தோண்டும் கிணறே நம் கிருமிக்கு முதல் வீடாகிறது. பம்ப் நின்று குளம் மறுபடி உறைந்தாலும் கிருமி அங்கேயே உறைந்து கிடக்கும். நாளைக்கு அந்தப் பனியைச் சோதிப்பவருக்குக் கிடைப்பது யாருடைய உயிர்?

கருவியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். செய்திருக்கிறார்கள். 1975இல் ஏவிய இரண்டு வைக்கிங் இறங்குகலங்களையும் ஏவுவதற்கு முன் 110 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். மனிதனை அடுப்பில் வைக்க முடியாது. ஓர் ஆளின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கிறது. இறங்குகலம் ஒன்றில் அனுமதிக்கப்படுவது 3 லட்சம் வித்திகள்தான், அதாவது உறக்கநிலையில் இருக்கும் பாக்டீரியாக்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விண்வெளி உடையில் கசிவு இருக்கும், கதவு திறக்கும்போது காற்று வெளியேறும், கழிவு சேரும். மனிதன் இறங்கிய இடம் அசுத்தப்படும். அதை மறைப்பதில் பயனில்லை. அது எவ்வளவு தூரம் பரவும், எந்த ஆழம் வரை போகும் என்பதை மட்டும்தான் நம்மால் கட்டுப்படுத்த முடியும்.

பொறியாளர்கள் நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். கியூரியாசிட்டி ஊர்தியின் துளைமுனைகள் கிருமிநீக்கிய பெட்டிக்குள் மூடியே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறங்கும் அதிர்ச்சியில் ஏதாவது சிக்கிக்கொண்டு, துளைமுனையை மாட்டவே முடியாமல் போனால் என்ன செய்வது என்று பயம் வந்தது. 2011இல் ஏவுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். பயணம் தோற்கக் கூடாது என்ற அக்கறைதான் காரணம். விளைவு, அந்த ஊர்தி பனியோ நீரோ உள்ள இடங்களை நெருங்கக் கூடாது என்று அதன் தகுதி குறைக்கப்பட்டது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் பெட்டியைத் திறந்திருப்பேன். அதனால்தான் இது எனக்கு இவ்வளவு உறுத்துகிறது.

பூமியிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் பனிக்கு அடியில் வோஸ்டாக் என்ற ஏரி. ரஷ்யர்கள் துளைத்தார்கள். துளை மூடிக்கொள்ளாமல் இருக்க மண்ணெண்ணெய் கலந்த திரவத்தை ஊற்றி வைத்திருந்தார்கள். ஏரிக்கு நூறு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும்போது, 1998இல், ஏரி கெட்டுவிடுமே என்ற கவலையில் வேலை நின்றது. பல வருடம் கழித்து மறுபடி தொடங்கி, 2012 பிப்ரவரி 5 அன்று 3,769 மீட்டரில் நீரைத் தொட்டார்கள். நீர் துளைக்குள் ஏறி உறைந்தது. அதில் கிடைத்த உயிர்த் தடங்களில் எது ஏரியுடையது, எது துளைத்திரவத்தில் வந்தது என்று சண்டை நடந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்கக் குழு வில்லன்ஸ் ஏரியை வேறு விதமாக அணுகியது. வெந்நீரால் துளைத்தார்கள், அந்த வெந்நீரையும் வடிகட்டி, புற ஊதாக் கதிரில் காட்டித்தான் இறக்கினார்கள். 800 மீட்டர் பனிக்கு அடியில், வெயிலே படாத அந்த நீரில், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்கள். அந்த முடிவை நம்ப முடிந்தது. வோஸ்டாக்கைவிட ஆழம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உள்ளே என்ன இறக்குகிறோம் என்பதை முதலிலேயே யோசித்தவர்கள் அவர்கள்.

தாகம் எடுக்கும்போதா கிணறு வெட்டுவது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். செவ்வாய்க்கு அது அப்படியே பொருந்தும். தண்ணீர்த் தொட்டி காலியாகி, ஆறு பேர் நாக்கு வறண்டு நிற்கும்போது, பனிக்கடியில் நுண்ணுயிர் இருக்கலாம், துளைக்காதே என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது. மனித உயிர்தான் முதலில். அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தாமல் இருப்பதுதான் பொறியாளர் வேலை.

முடியுமா? கணக்குப் பார்ப்போம். குடிக்கும் தண்ணீர் பெரிய பிரச்சினை இல்லை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை உட்பட 98 சதவீத நீரை மீட்டெடுக்கும் நிலைக்கு 2023இல் வந்துவிட்டார்கள். மூச்சுக்கான ஆக்சிஜனுக்குத் துளையே வேண்டாம். பெர்சிவியரன்ஸில் இருந்த மாக்சி என்ற சிறு பெட்டி, செவ்வாயின் காற்றிலிருந்தே 16 முறை ஆக்சிஜன் எடுத்துக் காட்டியது. மொத்தம் 122 கிராம்தான், ஆனால் வழி தெரிந்துவிட்டது.

பெரிய தேவை திரும்பி வரும் எரிபொருளுக்கு. நான்கு பேரைத் தரையிலிருந்து கிளப்ப 7 டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் வேண்டும் என்பது நாசாவின் மதிப்பீடு. அந்த எரிபொருளை மீத்தேனாக அங்கேயே செய்வதென்றால், கரியமில வாயுவோடு சேர்க்க ஏறக்குறைய 16 டன் தண்ணீர் போதும். அதிலேயே ஆக்சிஜனும் கிடைத்துவிடும். 16 டன் என்பது என்ன? நம் தெருவுக்கு வரும் டேங்கர் லாரியில் இரண்டு லோடு. ஓர் உலகத்தின் உயிரைப் பணயம் வைப்பது இந்த இரண்டு லோடு தண்ணீருக்காகவா என்று என் மனசு ஆறவில்லை.

வேறு வழி இருக்கிறது. கியூரியாசிட்டி கேல் பள்ளத்தின் மேல்மண்ணைச் சூடாக்கிப் பார்த்தபோது அதில் எடைக்கு 2 சதவீதம் அளவு நீர் இருந்தது. அந்தக் கணக்கில் 16 டன்னுக்கு 800 டன் மண். ஆட்கள் போவதற்கு முந்தைய பயணத்திலேயே இயந்திரங்களை இறக்கிவிட்டால், ஏறக்குறைய 500 நாள் கிடைக்கும். வீணாவதையும் சேர்த்து நாளுக்கு 2 டன் மண்ணை அள்ளிச் சில நூறு டிகிரியில் வறுத்தால் போதும். மேல்மண், ஈரமற்றது, வெயிலின் புற ஊதாக் கதிர் படும் இடம். தரைக்கடியில் குளம் உண்டாகாது. மின்சாரம் அதிகம் தேவைப்படும். புழுதிப் புயல் வரும் என்பதால் சூரியத் தகட்டை மட்டும் நம்ப முடியாது, 2018 புயலில்தான் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஓய்ந்தது. அப்புறம், அந்த மண்ணில் பெர்குளோரேட் உப்பு உண்டு. வறுக்கும்போது குளோரின் சேர்மங்கள் நீரோடு வரும், பிரித்தெடுக்க வேண்டும். அதெல்லாம் என் தொழிலில் தினமும் பார்க்கிற வேலை.

ராட்வெல்லைவிட இது செலவு கூடிய வழி, சந்தேகமில்லை. என்னிடம் கருத்துக் கேட்டால் நான் சொல்வது இதுதான். முதல் கப்பலில் மண்ணை வறுக்கும் அடுப்பு போகட்டும், கழிவிலிருந்து நீரை மீட்கும் வடிகட்டிகள் இரட்டிப்பாகப் போகட்டும். பனியைச் சோதிக்க, சுட்டுச் சுத்தம் செய்த ஒரு சிறு துளைமுனையோடு, ஆள் இல்லாத ஊர்தி ஒன்று குடியிருப்பிலிருந்து வெகு தொலைவில் இறங்கட்டும். கிணறு தோண்டும் பெரிய கருவி அந்தக் கப்பலில் ஏறக் கூடாது. அந்த ஊர்தியின் முடிவு கையில் கிடைத்த பிறகு, அடுத்த கப்பலில் ஏற்றுவதா வேண்டாமா என்று பூமியில் உட்கார்ந்து, தாகம் இல்லாதவர்கள் தீர்மானிக்கட்டும்.