ஜொகூருக்குப் போகாத பாட்டிக்கு எத்தனை மதிப்பெண்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மூத்தோரின் நடமாட்டம் எந்த நிலையில் உள்ளது என்பதை அறிவதற்காக அவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இயன்மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு இக்கேள்வித்தாள்களின்மீது மதிப்பும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. வேறொரு நாட்டு வீட்டையும் தெருவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட கேள்விகளைப் பிழையில்லாத தமிழில் எழுதிவிட்டால், அவை நமக்குரிய கேள்விகள் ஆகிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஒரே ஒரு கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு, சற்று விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில், பர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி, 2003ஆம் ஆண்டு வெளியான அந்த மதிப்பீடு, கடந்த நான்கு வாரங்களில் நீங்கள் எதுவரை சென்றுவந்தீர்கள் என்று கேட்கிறது. படுக்கையறையைத் தாண்டி வீட்டின் மற்ற அறைகள் முதல் எல்லை; முற்றம், கார் நிறுத்துமிடம் போன்றவை இரண்டாவது; அக்கம்பக்கம் மூன்றாவது; ஊருக்குள் என்பது நான்காவது; ஊருக்கு வெளியே என்பது ஐந்தாவது. எல்லையின் வரிசை எண்ணை, எத்தனை முறை சென்றார் என்பதற்கான எண்ணால் பெருக்குகிறார்கள். அது 1 முதல் 4 வரை. பிறகு, தனியாகச் சென்றாரா என்பதற்கான எண்ணாலும் பெருக்குகிறார்கள். எந்த உதவியும் இல்லையென்றால் 2, கைத்தடி போன்ற கருவி மட்டும் என்றால் ஒன்றரை, இன்னொருவர் உதவி என்றால் 1. ஐந்து எல்லைகளுக்கும் கிடைப்பதைக் கூட்டினால் உச்ச மதிப்பெண் 120. அதில் ஐந்தாம் எல்லைக்கு மட்டும் 40. மூன்றில் ஒரு பங்கு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். நமக்கு ஊரும் நாடும் ஒன்றுதான். ஜூரோங்கில் ரயிலேறித் தெம்பனிஸில் இறங்குகிறவரும் ஊருக்குள்ளேயே இருக்கிறார். கேள்வியை உள்ளபடியே கேட்டால், கடற்பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போகாத மூத்தவர், எவ்வளவு திடமாக நடந்தாலும், அந்த நாற்பதில் ஒன்றைக்கூடப் பெற முடியாது. கடப்பிதழ் இல்லாததற்காகக் கால்களைக் குறை சொல்வது எந்த வகை மருத்துவம்? தோ பாயோ, பிடோக், ஈசூன் போன்ற குடியிருப்பு நகரை 'ஊர்' என்று கொண்டு, அதைத் தாண்டித் தீவின் பிற பகுதிகளுக்குச் செல்வதை ஐந்தாம் எல்லையாக வைக்கலாம் என்பது என் கருத்து. தோ பாயோவிலிருந்து தேக்கா வரும் தொலைவு, அலபாமாவில் ஊர்விட்டு ஊர் போகும் தொலைவுக்கு ஈடாகுமா என்று கேட்பீர்கள், ஆகாதுதான். ஆனால் பேருந்து ஏறுவதும், நெரிசலில் நிற்பதும், முன்பின் பழகாத நடைபாதையில் நடப்பதும் அந்தப் பயணத்தில் உள்ளன. இரண்டாம் எல்லை எளிது: முற்றத்துக்குப் பதிலாகப் புளோக்கின் நடைவழியும் கீழ்த்தளமும் போதும்.

உதவி பற்றிய கேள்விதான் எனக்கு இன்னும் பிடித்தமானது. ஒரு மூதாட்டியிடம் இளம் தொண்டூழியர் ஒருவர், "பாட்டி, கோயிலுக்குத் தனியாகப் போவீர்களா?" என்று கேட்டார். "தனியாகவா? ஒருநாளும் போனதில்லை, அடுத்த வீட்டு அக்கா இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டேன்" என்றார் பாட்டி. தொண்டூழியர் 'இன்னொருவர் உதவி தேவை' என்று குறித்துக்கொண்டார், மதிப்பெண் பாதியாகிவிட்டது. அருகிலிருந்த நான், அந்த அக்கா எப்படி நடப்பார் என்று விசாரித்தேன். அக்காவுக்குப் பார்வை மங்கல். சிராங்கூன் சாலையைக் கடக்கும்போது அவருடைய கையைப் பிடித்து அழைத்துச் செல்வதே நம் பாட்டிதான், அர்ச்சனைத் தட்டைச் சுமப்பதும் அவரேதான்! நம்மிடையே வழித்துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம், மரியாதை, பேச்சுத்துணை. ஆகவே, "யாருடன் போனீர்கள்?" என்று கேட்டால் போதாது, "அவர் வராத நாளில் போயிருப்பீர்களா?" என்றும் கேட்கவேண்டும். இதற்கு நேர்மாறானவரும் உண்டு. "எனக்கு ஒரு சிரமமும் இல்லை" என்பார். சந்தைக்குப் போவது இல்லப் பணிப்பெண், மருந்து வாங்கிவருவது மகன் என்றிருக்கும். சிரமம் இல்லாததற்குக் காரணம், செய்யாததுதான். ஆகவே, முடியுமா என்பதோடு, கடைசியாக எப்போது செய்தீர்கள், முன்பு செய்த விதத்தை மாற்றிக்கொண்டீர்களா என்பதையும் கேளுங்கள். கைப்பிடியைப் பற்றத் தொடங்குவதும், நடுவில் நின்று இளைப்பாறுவதும், சிரமம் என்று வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே தெரியும் அடையாளங்கள்.

படியேற முடியுமா என்ற கேள்வியும் இத்தகையதே. 2001ஆம் ஆண்டு தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தால் பெரும்பாலான வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்கிறது. படியேறும் தேவை இல்லாத மூத்தவர் பழைய நினைவிலிருந்து பதில் சொல்கிறார். அதைவிட, சாலை மேம்பாலத்தில் ஏறுகிறீர்களா, அன்னதானத்தில் தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழுகிறீர்களா என்பவை பயனுள்ள கேள்விகள். எஸ்.எஃப்-36 என்னும் புகழ்பெற்ற உடல்நலக் கேள்வித்தாள் மிதமான உழைப்புக்குக் கோல்ஃப் விளையாட்டைச் சான்றாகக் காட்டுகிறது. அதை எடுத்துவிட்டுப் பூப்பறிப்பதை வைத்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள். தரையைத் துடைப்பது போன்று, உழைப்பில் நிகரான ஒன்றைத்தான் வைக்கவேண்டும்.

நேரம் முடிவதாக அறிவிப்பாளர் சைகை காட்டுகிறார். மாற்றிய கேள்விகளைச் சரிபார்ப்பது பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். முதலில், மூத்தோர் சிலரிடம் கேள்விகளைக் கேட்டு, ஏன் அப்படிப் பதில் சொன்னார்கள் என்றும் விசாரிக்கவேண்டும். அடுத்தது எண். அலபாமா மதிப்பீட்டில் 60க்குக் குறைந்தால் நடமாட்டம் சுருங்கிவிட்டதாகப் பல ஆய்வுகள் கொள்கின்றன. எல்லைகளை நாம் மாற்றிய பின் அந்த 60ஐ அப்படியே கடன்வாங்க முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பிவந்து அமர ஆகும் விநாடிகளை அளக்கும் சோதனை 1991 முதல் வழக்கில் உள்ளது. நம் மூத்தோரின் பதில்களை அந்த விநாடிகளோடு ஒப்பிட்டுத்தான் நமக்குரிய எண்ணை முடிவுசெய்யவேண்டும். நன்றி, வணக்கம்.