கருவியின் பெயரை மூடிவிட்டுப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். "இன்ன நிரல் மொழியில் ஐந்து வருட அனுபவம் தேவை" என்று வேலை விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். அந்த ஐந்து வருடமும் வேலைக்கு வருபவர் பிறர் சொன்னதைச் செய்தாரா, தானே முடிவெடுத்தாரா? விளம்பரத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் திறன் சட்டகம்: எந்த வேலைக்கு என்ன திறன், எவ்வளவு பொறுப்பு என்று வகுத்து எழுதிய வரையறை.

தகவல் தொழில்நுட்பத் துறையில் பரவலாகப் புழங்கும் சட்டகம் எஸ்எஃப்ஐஏ (Skills Framework for the Information Age). 'சோஃபியா' என்பார்கள். 2000-இல் வந்தது, பொறுப்பை ஏழு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் சொன்னதைச் செய்வார், மூன்றாவதில் பொதுவான வழிகாட்டுதல் போதும், ஏழாவதில் நிறுவனத்தின் போக்கையே வகுப்பார். இந்த ஏணி அவ்வளவாக மாறுவதில்லை, மாறுவது திறன்கள்தான். எட்டாம் பதிப்பு 2021-இல், ஒன்பதாவது 2024-இல்.

நிறுவனங்கள் இதைத் தமக்கென்று எழுதிக்கொள்ளும்போதுதான் வம்பு. "செலினியத்தில் சோதனை நிரல் எழுதுவார்" என்று ஒரு வரி. செலினியம் என்பது இணையதளங்களைத் தானாகச் சோதிக்க உதவும் ஒரு கருவி. செலினியத்தைக் கையால் மூடிக்கொண்டு படியுங்கள். என்ன மிச்சம்? நிரல் எழுதுவார், அவ்வளவுதான். அதையே இப்படி எழுதலாம்: "தேவைகளைப் படித்து எதைச் சோதிப்பது என்று வகுப்பார், கண்ட பிழையை இன்னொருவர் அப்படியே மறுபடி வரவழைத்துப் பார்க்கும்படி பதிவு செய்வார்." கருவி போனாலும் வரி நிற்கிறது. ஆள் எடுப்பவருக்குக் கருவியின் பெயர் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். அதைத் தேதி போட்ட தனிப் பட்டியலில் வையுங்கள். குழுத் தலைவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்தட்டும். மறுபடியும் சொல்கிறேன்: கருவி பட்டியலில், வேலை சட்டகத்தில்.

புது மோகம் ஒவ்வொன்றுக்கும் புதுத் திறன் சேர்ப்பதும் இதே வியாதிதான். செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தந்தாலும் அது நிரலாக்கம்தான். ஆனால் வந்ததைச் சரிபார்க்கும் பொறுப்பு கூடிவிட்டது; மூன்றாம் நிலைக்காரரின் விவரிப்பில் அந்த ஒரு வரி ஏற வேண்டும். புதுத் தலைப்பு எதற்கு?

கடிகாரம் அவசரப்படுத்துகிறது, பதிப்பு மாற்றத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. ஒரு திறன் புதுப் பதிப்பில் இரண்டாகப் பிரிந்தால், ஊழியரின் பழைய நிலையை இரண்டுக்கும் அப்படியே நகல் எடுக்காதீர்கள். ஒன்றில் நான்காம் நிலையில் இருப்பவர் மற்றதில் இரண்டில் இருக்கலாம். திறனின் குறியீட்டோடு சட்டகத்தின் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். வணக்கம்.